செக்கில் யார் கையெழுத்து?

வணக்கம் அக்கா,

திருப்பூரில் அப்பாவுடைய பனியன் கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறேன். கணக்கு, ஜி.எஸ்.டி., பையர் மெயில் எல்லாம் நான்தான். செக்கில் கையெழுத்துப் போடுவது மட்டும், ஆறு மாதம் முன்பு காலேஜ் முடித்து வந்த தம்பி. இப்போது நான் படித்த கல்லூரியில், பெண்கள் தொழிலுக்கு வர வேண்டும் என்று மாணவிகளிடம் பேசக் கூப்பிடுகிறார்கள். எந்த முகத்தோடு பேசுவது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போய்ப் பேசுங்கள். இந்திரா நூயியை மட்டும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். சென்னையில் படித்து, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தியவர், சாதாரண விஷயமில்லை. ஆனால் அது சம்பள உத்தியோகம். பதவி உயர்வு என்று ஒன்று அங்கே உண்டு. அப்பா கம்பெனியில் அது ஏது?

வீட்டுத் தொழிலுக்கு வேறு ஆட்களைப் பார்க்க வேண்டும். மல்லிகா சீனிவாசன் 1986இல் குடும்பத்தின் டிராக்டர் கம்பெனியான டாஃபேவில் சேர்ந்தார், அப்பா சிவசைலம் மகளை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. சென்னையின் பெரிய தொழில் குடும்பமான முருகப்பா குடும்பத்து வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2017இல் அப்பா காலமான பிறகு, குடும்பத்தின் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார். அவர், அம்மா, சகோதரி மூவருக்கும் சேர்த்து எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. 2020இல் பங்குதாரர்கள் ஓட்டெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள். 2023இல்தான் சமரசம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005இல். பங்கு இருந்தால் நிர்வாகமும் கைக்கு வரும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அப்பா தானே சம்பாதித்த கம்பெனி என்றால் உயில் அவர் இஷ்டம்.

மாணவிகளிடம் காஸ்ட்டிங், அதாவது அடக்க விலை போடுவது பற்றிப் பேசுங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, சாயம், சாயப்பட்டறைக்குப் போய்வருவதில் குறையும் எடை, கட்டிங் வேஸ்ட், தையல் கூலி. பையர் பீஸுக்கு 5 சென்ட் குறைக்கச் சொல்கிறான், ஆர்டர் 50,000 பீஸ். 2,500 டாலர் போச்சு. தாங்குமா தாங்காதா என்று போனை வைப்பதற்குள் சொல்லத் தெரிந்தவர்தான் முதலாளி. உங்களுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். தம்பிக்குத் தெரியுமா?

இன்னொன்றும் சொல்லுங்கள். நம் பக்கம் அம்மா பெயரிலும் மனைவி பெயரிலும் எத்தனை கம்பெனி! ஆடிட்டர் ஆபீஸ் பையன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவருவான், அவர்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எதில் போட்டோம் என்று கேட்டால் தெரியாது. ஆனால் 1932ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி பார்ட்னர் ஒவ்வொருவரும் கம்பெனியின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. சொந்த வீடு, நகை வரைக்கும் போகலாம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான் காலேஜில் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது. (கூட்டத்துக்கு அம்மாக்கள் வந்தால் அவர்களுக்கும்.)

சரி, உங்கள் விஷயம். நீங்கள் பார்ட்னரா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. டீடை, அதாவது கூட்டாண்மைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெயர் இருந்தால் கடன் உங்கள் தலையிலும் இருக்கிறது, அப்போது கையெழுத்து அதிகாரமும் வேண்டும். தம்பியிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. “பேங்க்ல என் கையெழுத்தையும் சேர்த்துடுங்கப்பா, யார் போட்டாலும் செல்லுங்கற மாதிரி” என்று கேளுங்கள். கல்யாணமாகிப் போகிற பொண்ணு என்று ஆரம்பிப்பார். தம்பிக்கும்தான் கல்யாணம் ஆகும்.

டீடில் பெயரே இல்லை, சேர்க்கவும் மாட்டேன் என்கிறாரா? சம்பளம் கேளுங்கள். பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கிற, மூன்று வருட அனுபவமுள்ள மெர்ச்சண்டைசருக்கு ஊரில் என்ன கொடுக்கிறார்களோ அது, மாதாமாதம், உங்கள் பெயரில் உள்ள கணக்கில். அதற்கும் மறுத்தால் பக்கத்துக் கம்பெனியில் விசாரித்துப் பாருங்கள்.