'ரத்தக்குழாய் வயது 72': ஆஞ்சியோ தேவையா?

கேள்வி: எனக்கு 61 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இரண்டு கைகளிலும் கணுக்கால்களிலும் பட்டை கட்டி ஒரு சோதனை செய்தார்கள். நாடி அலை வேகம் நொடிக்கு 18.6 மீட்டர், கணுக்கால்-கை பிரஷர் விகிதம் 1.08, 'ரத்தக்குழாய் வயது 72' என்று ரிப்போர்ட். அப்போது பிரஷர் 164/78. வேகம் 10-ஐத் தாண்டினாலே ஆபத்து என்று படித்தேன். அடைப்பு இருக்குமா? ஆஞ்சியோ எடுக்கட்டுமா?

பதில்: இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஆஞ்சியோவுக்கு ஓட வேண்டாம். நாடி அலை வேகம் இதய அடைப்பைக் காட்டுவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு விறைத்திருக்கிறது என்றுதான் சொல்லும். அடைப்பைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுவது அந்த 1.08. அது 0.9-க்குக் கீழே போனால் காலில் அடைப்பைச் சந்தேகிப்போம். உங்களுக்கு நார்மல்.

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஓர் அழுத்த அலை கிளம்பும். சுவர் நெகிழ்வாக இருந்தால் அலை மெதுவாகப் போகும், விறைத்திருந்தால் விரைந்து ஓடும். (ரத்தம் ஓடும் வேகம் வேறு.) கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பதிவு செய்து, பெரும்பாலும் மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) விறைப்பை அளப்பதுதான் அதிக ஆய்வுகளுள்ள முறை. நீங்கள் படித்த 10 அதற்கானது. உங்களுக்குச் செய்ததோ ஜப்பானில் பரவலாக உள்ள கை-கணுக்கால் முறை. கால் ரத்தக்குழாய்கள் இயல்பிலேயே விறைப்பானவை என்பதால் இதில் எண் கூடுதலாகவே வரும். 18 என்பதைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். நீங்கள் அதைச் சற்றே தாண்டியிருக்கிறீர்கள்.

அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிரஷர் ஏறியிருக்கும்போது சுவர் இழுபட்டு அலை வேகம் கூடிவிடும். சோதனைக்கு முன் காபி, சிகரெட், அவசர நடை எல்லாமே எண்ணை மாற்றும். '72 வயது' என்பது இயந்திரத்தில் உள்ள ஒப்பீட்டுப் பட்டியல் தருவது. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை.

நான் கவலைப்படுவது 164/78-ஐப் பார்த்துத்தான். இரண்டுக்கும் இடைவெளி 86. வயதானவர்களிடம் இது 60-ஐத் தாண்டினாலே பெரிய தமனிகள் விறைத்திருக்க வாய்ப்புண்டு. சாதாரண பிரஷர் மிஷினே சொல்லிவிடும் சேதி இது! கீழ் எண் நார்மல்தானே என்று பலர் மேல் எண்ணைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பிரஷர் பார்த்து எழுதுங்கள். அதோடு டாக்டரைப் பாருங்கள்; மாத்திரையை நீங்களே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். பிரஷர் கட்டுக்குள் வந்து சில மாதம் கழித்து, விரும்பினால் அதே சோதனையை அதே முறையில் திரும்பச் செய்யலாம்.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ மூச்சிரைப்போ வந்தால் கதையே வேறு. அதற்கு இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே இதய மருத்துவரிடம் போங்கள்.