துப்பாக்கி இல்லாததால் விடுபட்ட பெண்கள்

கேள்வி: போரில் சிறுவர்கள் கையிலும் துப்பாக்கியைத் திணிக்கிறார்களே, சண்டை ஓய்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? (வாசகி, தேனி)

பதில்: மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனைப் பாருங்கள் அம்மா. 1991 முதல் 2002 வரை அங்கே உள்நாட்டுப் போர். ஆயுதங்களை ஒப்படைக்கும் முகாமுக்கு வந்தவர்களிடம் துப்பாக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார்கள். காட்டினால்தான் போராளி என்று பதிவு. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்பதுதான் விதி, ஆனால் நடந்தது பல இடங்களில் வேறு. காட்டில் சோறாக்கியவள், மூட்டை சுமந்தவள், தளபதிக்கு வலுக்கட்டாயமாக மனைவியாக்கப்பட்டவள் என்று எத்தனையோ பெண்கள் பட்டியலிலேயே ஏறவில்லை. கைக்குழந்தையோடு ஊர் திரும்பி ஏச்சும் வாங்கினார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது.

நல்லதும் நடந்தது. முன்னாள் சிறுவர் போராளியைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு, ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப்பின் திட்டத்தில் பாடப் பொருட்களோ விளையாட்டுச் சாமான்களோ கிடைத்தன. அந்தப் பையனுக்கு மட்டுமில்லை, பள்ளி முழுவதற்கும். 'ஊரை எரித்தவனுக்குப் புது நோட்டு, எங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லையா?' என்று பெற்றோர் கொதிப்பதைத் தணிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வயது கடந்தவர்களுக்கு ஆறு வருடத் தொடக்கப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்கும் வகுப்புகளும் இருந்தன.

அப்புறம், 2015இல் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், அமைதி முயற்சிகளில் இளைஞர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. அந்த இடத்துக்கு முதலில் அழைக்க வேண்டியது பட்டியலில் விடுபட்ட அந்தப் பெண்களைத்தான்.