டிக் டிக் எண்டு சத்தம் போடுற ஹார்ட் டிஸ்க்

தம்பி, வற்றாப்பளைப் பொங்கல் வீடியோ முழுக்க இருக்கிற 2 டிபி டிஸ்க் 'டிக் டிக்' எண்டு சத்தம் போடுது, கணினியில தெரியேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள். முதல்ல வயரைக் கழற்றுங்கோ. திரும்பக் குத்திப் பார்க்க வேண்டாம். அநேகமா அது ரீட் ஹெட், அதாவது உள்ளுக்குள்ள சுத்துற தட்டில பதிஞ்சதை வாசிக்கிற பாகம், பழுதான சத்தம். சுத்தச் சுத்தத் தட்டு உரஞ்சி, படம் பதிஞ்ச பூச்சே தூளாப் போகலாம். சிலர் சொல்லுற மாதிரி ஃப்ரீசருக்குள்ள வைக்கவும் கூடாது. தூசி வடிகட்டின அறை உள்ள மீட்பு நிலையத்தைத் தவிர ஒருத்தரையும் மூடி திறக்க விடாதேங்கோ.

அதுக்கிடையில கமராவின்ர எஸ்டி கார்டைப் பாருங்கோ. ஃபோர்மட் செய்திருந்தாலும், மேல புதுசா ஒண்டும் எடுக்காட்டி ஃபோட்டோரெக் எண்ட மீட்பு மென்பொருள் பல கிளிப்பை மீட்டுத் தரக்கூடும். கார்டின்ர பக்கத்திலயுள்ள சின்னப் பூட்டை 'லொக்' பக்கம் தள்ளிப்போட்டு, மீட்டதை வேற டிஸ்கில சேமியுங்கோ. எடிட் செய்த லாப்டொப்பில புரொக்சி ஃபைலும், அதாவது எடிட் செய்யச் சுகமா இருக்கிறதுக்கு உண்டாக்கிற சின்ன வீடியோப் பிரதியும், இருக்கோ எண்டு தேடுங்கோ. தரம் குறைவுதான், ஆனா புரொஜெக்ட் ஃபைல் தப்பியிருந்தால் நீங்கள் வெட்டின ஒழுங்கு அப்பிடியே கிடைக்கும்.