ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, அசதி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். வயது 34. நான்கு வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்). மாத்திரை தவறுவதில்லை, ரிப்போர்ட்டும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஆனால் காலைச் சமையல் முடிந்ததும் படுத்தே ஆக வேண்டும், அவ்வளவு அசதி. சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். ‘சத்து டிரிப்’ ஐந்து போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து லேப்காரர். போடலாமா?

பதில்: டிரிப் வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பாட்டிலில் இருப்பது குளுக்கோஸ் அல்லது உப்புத் தண்ணீர், கொஞ்சம் பி வைட்டமின். உடம்புக்கு வேண்டாத வைட்டமின் அன்றைக்கே மஞ்சள் மஞ்சளாகச் சிறுநீரில் போய்விடும். அதோடு நின்றால் பணம்தான் நஷ்டம். சில இடங்களில் சத்தமில்லாமல் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு நாள் வாடிவாசலைத் தாண்டிய காளை மாதிரி இருப்பீர்கள், அப்புறம் பழையபடி. உடனே அடுத்த பாட்டில். இதற்குள் சர்க்கரை ஏறும், நோயின் உண்மை நிலையும் எங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகைப் பொடி’யிலும் இந்தக் கலப்படம் உண்டு. லூபஸைக் கண்டுபிடிக்க உதவும் ஏ.என்.ஏ. என்ற ரத்த டெஸ்டை மாதாமாதம் எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள். நோய் உறுதியான பிறகு அதைத் திரும்பப் பார்ப்பதில் லேபுக்கு வருமானம், அனுப்பியவருக்குக் கமிஷன், உங்களுக்கு ஒன்றுமில்லை.

சரி, அசதிக்கு வருவோம். லூபஸ் உள்ளவர்கள் அதிகம் சொல்லும் குறையே இதுதான். நோய் அடங்கியிருக்கும்போதும் வரும். காய்ச்சல் விட்ட மறுநாள் கை கால் ஓய்ந்து கிடக்குமே, கிட்டத்தட்ட அப்படி. அதை யாரும் சோம்பேறித்தனம் என்பதில்லை, மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் லூபஸ் மேல் போடவும் கூடாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா, தைராய்டு எப்படி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். ராத்திரித் தூக்கம் கெட்டாலோ மனசு சரியில்லை என்றாலோ கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் நடை. அசதிக்கு நடையா என்று சிரிக்க வேண்டாம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 பரிந்துரைகளும் இந்த அசதிக்கு உடற்பயிற்சியைத்தான் முன்னே வைக்கின்றன. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். தெப்பக்குளத்தை முழுச்சுற்று சுற்றுகிறவர்களோடு போட்டி வேண்டாம். மதுரை வெயில் லூபஸைக் கிளப்பிவிடும், அதனால் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள்.

இப்படி வீட்டிலேயே சமாளிப்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு, உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும், ஊருக்குப் போன இடத்தில் நாலு நாள் விட்டுப்போனாலும் ஒரு அசதி வரும். அது வேறு ரகம். வாந்தி, எழுந்தால் தலைச்சுற்றல், வயிற்றுவலி, பிரஷர் இறங்குவது எல்லாம் கூடவே வரும். அதைப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். கடும் காய்ச்சல் வந்தாலும், ஆபரேஷன் என்றாலும் ‘நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் வையுங்கள். மாத்திரை நின்று மாதங்கள் ஆகியிருந்தாலும் இது பொருந்தும். குறைப்பதாக இருந்தால் படிப்படியாகத்தான், அதுவும் டாக்டர் சொல்லி.

எங்கள் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவரை ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை என்று நிற்க வைத்தே சாய்த்துவிடுகிறோம். பிறகு இரண்டு நிமிடத்தில் ‘ஈ.எஸ்.ஆர். (உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்) குறைஞ்சிருக்கு, அடுத்த மாசம் வாங்க’. கேஸ் ஷீட்டில் அசதிக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதனால் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டியிருக்கிறது, எந்த வேலை கைவிட்டுப் போனது என்று மூன்று வரி வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்குள் அதை நீட்டிவிடுங்கள்.