ட்ரெய்னர் ஆர்சி விமானத்தில் லூப், ரோல் அடிக்க முடியுமா?

முடியும், ஆனால் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். லூப் என்பது மேல்நோக்கி ஒரு முழு வட்டம் அடிப்பது, ரோல் என்பது பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று புரள்வது.

ட்ரெய்னர் என்பது ரிமோட்டில் இயங்கும் (ஆர்சி) விமானத்தை ஓட்டப் பழகுபவருக்கான விமானம். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், இரு நுனிகளும் லேசாகத் தூக்கியிருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. பழகுபவருக்கு இது வரம், ரோல் அடிப்பவருக்குத் தலைவலி. தலைகீழானதும் அந்த நுனிகளே எதிரியாகிவிடும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால், கவிழ்ந்த நிலையில் தூக்குவிசையும் குறைவு, மூக்கு கீழே விழும். அதனால் ரோலுக்கு முன் மூக்கைச் சற்றே உயர்த்திவிட்டு, பாதியில் எலிவேட்டர் குச்சியை (மூக்கை ஏற்றி இறக்கும் ரிமோட் குச்சி) லேசாக முன்னே தள்ள வேண்டும்.

லூப் சுலபம். நல்ல உயரத்தில் கொஞ்சம் கீழிறக்கி வேகம் சேர்த்து, முழு த்ராட்டிலில் (அதாவது முழு எஞ்சின் விசையில்) எலிவேட்டர் குச்சியை நிதானமாக இழுங்கள். உச்சி தாண்டியதும் த்ராட்டிலைக் குறையுங்கள். அதற்கு முன், இறக்கையைக் கட்டியிருக்கும் ரப்பர் பேண்டுகளைப் பாருங்கள். எண்ணெயில் ஊறித் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், குச்சியை வெடுக்கென்று முழுக்க இழுத்தால் லூப் அழகாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் இறக்கை தூக்குவிசை இழந்து விமானம் பக்கவாட்டில் புரளும்.