குஞ்சு பொரித்தாயிற்று, தீனி எங்கே?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு கறவை மாடும் கொஞ்சம் முருங்கையும் இருக்கின்றன. கூடுதல் வருமானத்துக்காக வீட்டிலேயே ஃபைட்டர் மீன் குஞ்சு எடுக்க ஆரம்பித்தேன். கடையில் 'தாய்லாந்து இறக்குமதி ஹாஃப்மூன் ஜோடி' என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு முறை முட்டை போட்டு, இரண்டு முறையும் நன்றாகப் பொரித்தது. ஆனால் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து சாக ஆரம்பித்து, எட்டாம் நாள் தொட்டி காலி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் கடையில் விற்கும் குஞ்சுத் தூளும் போட்டேன். கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பொடி, நீல மருந்து இரண்டையும் ஊற்றியும் சாவு நிற்கவில்லை. என்ன மருந்து போடலாம்? எந்த நிறத்துக்கு நல்ல விலை கிடைக்கும்? மானியம் வாங்கிப் பெரிதாகச் செய்யலாமா?

பதில்: தம்பி, உங்கள் குஞ்சுகளுக்கு நோய் ஒன்றும் இல்லை. பட்டினி. அதற்கு மருந்து கிடையாது, அதனால் பெயரும் எழுதப் போவதில்லை.

நாள் கணக்கைப் பாருங்கள். ஃபைட்டர் முட்டை 24 முதல் 48 மணி நேரத்தில் பொரிந்துவிடும். அதற்கடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் நுரைக்கூட்டில் வால் கீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது அவற்றுக்கு வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பைதான் சாப்பாடு. அது கரைந்ததும் படுக்கைவாக்கில் நீந்தி இரை தேட ஆரம்பிக்கும். அன்றைக்கு இரை கிடைக்காவிட்டாலும் இரண்டு மூன்று நாள் தாங்கும், அப்புறம் விழும். நீங்கள் எழுதியிருக்கும் நாலாம் நாள் அதுதான். நோயாக இருந்தால் இரண்டு ஈட்டிலும் இப்படி நாள் பிசகாமல் வந்திருக்காது.

அடுத்த முறை இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு குஞ்சைக் கரண்டித் தண்ணீரோடு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தலை பெரிதாக, கண் மட்டும் இரண்டு கரும்புள்ளியாக, வயிறு உள்வாங்கி ஒட்டிக் கிடந்தால் அது சாப்பிடவில்லை. சாப்பிட்ட குஞ்சின் வயிறு உருண்டு தெரியும். ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால்) தின்றிருந்தால் வயிறு ஆரஞ்சு நிறமாகவே இருக்கும், கண்ணாடி போட வேண்டிய வயதுக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

முட்டை மஞ்சள் கரு போட்டேன் என்கிறீர்கள். போட்டீர்கள், குஞ்சு தின்னவில்லை. புதிதாக நீந்தும் ஃபைட்டர் குஞ்சு அசைகிற இரையைத்தான் குறிபார்த்துக் கொத்தும். மஞ்சள் கரு அசையாது. அடியில் போய் உட்கார்ந்து, ராத்திரியில் அழுகி, விடிவதற்குள் தண்ணீரில் அம்மோனியாவை ஏற்றிவிடும். குஞ்சுத் தூளும் அதே கதைதான். பட்டினியில் பாதி, அம்மோனியாவில் பாதி என்று உங்கள் தொட்டி காலியானது. சாவைப் பார்த்துப் பயந்து நீங்கள் ஊற்றிய நீல மருந்து மெத்திலீன் புளூ. முட்டையாக இருக்கும்போது பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒன்றிரண்டு சொட்டு விடுவது சரி. குஞ்சு நீந்த ஆரம்பித்த பிறகு விட்டால், தொட்டியில் தானாக உண்டாகியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத இரை உயிர்களையும் அது சேர்த்துக் கொல்லும். மஞ்சள் பொடி பெரும்பாலும் ஏதாவது ஆன்டிபயாடிக்காக இருக்கும். அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நல்ல பாக்டீரியாவுக்கும் அது எமன். இருந்த கொஞ்சநஞ்சச் சாப்பாட்டையும் காசு கொடுத்து வாங்கிய மருந்தால் அழித்திருக்கிறீர்கள். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. செத்த குஞ்சுக்குக் காரணம் சொன்னால் அவருக்கு வியாபாரம் இல்லை, மருந்து கொடுத்தால் இருக்கிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, 'குஞ்சுக்குத் தீனியை எப்போது தயார் செய்வது?' என்பதுதான். ஜோடி சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே. மாட்டுக்காரரான உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்று ஈன்ற பிறகா தீவனப்புல் விதைப்பீர்கள்? இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். என்னிடம் ஜோடி கேட்டு வருகிறவரிடம் முதலில் தீனித் தொட்டியைக் காட்டச் சொல்வேன், இல்லையென்றால் மீன் கொடுக்க மாட்டேன். மீன் இனப்பெருக்கம் ஃபைட்டருக்குத் தெரியும், நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. நமக்குத் தெரிய வேண்டியது இன்ஃபுசோரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்), ஆர்டீமியா, மொய்னா (பொடி நீர்த்தெள்ளு) என்று மூன்று இரைகளின் வளர்ப்பு.

முதல் மூன்று நாலு நாளைக்கு இன்ஃபுசோரியா. அகன்ற வாய் பாட்டிலில் மீன் தொட்டியின் பழைய தண்ணீரை ஊற்றி, நாலு துண்டு வைக்கோல், கொஞ்சம் வாழைப்பழத் தோல் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். இரண்டாம் நாள் வெள்ளையாகக் கலங்கி நாற்றமடிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அது பாக்டீரியா பெருகும் நாள். நாலைந்து நாளில் அந்தப் பாக்டீரியாவைத் தின்று நுண்ணுயிர்கள் பெருக, தண்ணீர் தெளிந்து லேசாக மஞ்சளாகும், நாற்றமும் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் தூசி தானாக நீந்துவதுபோலத் தெரிந்தால் தயார். ஒரே பாட்டிலை நம்பாமல் இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று பாட்டில் போடுங்கள். குஞ்சுத் தொட்டியில் ஒரு நாட்டு வாதாம் இலையைக் காயவைத்துப் போட்டால் அதிலும் கொஞ்சம் உண்டாகும். அந்த இலையைக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டிக் குவித்து எரிப்பதும் அதே இலைதான். பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆர்டீமியா. அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குழாய் விட்டு ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்தால் பொரிக்கும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு வெளிச்சத்தைத் தேடி வரும். வெளிச்சப் பக்கத்திலிருந்து குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். இதில் ஏமாற்று எங்கே என்றால், பெரிய டின்னை உடைத்துச் சின்னச் சின்ன ஜிப் கவரில் பிரித்து விற்பதில். டின்னைத் திறந்து ஈரக்காற்று பட்டுவிட்டால் நாள் ஆக ஆகப் பொரிப்பு குறையும். மழைக்காலம் முழுக்கக் கடையில் தொங்கிய கவரில் பத்துக்கு ஒன்று பொரித்தாலே அதிர்ஷ்டம். நாலு பேர் சேர்ந்து சீல் உடைக்காத டின் வாங்கிப் பங்கு போட்டு, காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், ஒரு சிட்டிகையைப் பொரித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த இரண்டு மாடு. உங்கள் கடிதத்திலேயே மதிப்புள்ள வரி அதுதான். சாணம் இருந்தால் மொய்னா இருக்கும், மொய்னா இருந்தால் குஞ்சு வளர்ப்பில் பாதிச் செலவு இல்லை. நூறு லிட்டர் தொட்டியை நிழலும் வெயிலும் கலந்து விழும் இடத்தில் வைத்து, ஒரு கைப்பிடி சாணமும் ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கும் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் புளித்து நுரைத்துவிடும். தண்ணீர் பச்சையாகத் திரும்பியதும் தாய் மொய்னாவை விடுங்கள். ஒரு வாரத்தில் மூலையில் புகை மாதிரி திரளும். திரண்டதும் தினம் நாலில் ஒரு பங்கை வடித்தெடுங்கள். எடுக்காமல் விட்டால் நெரிசலில் மொத்தமாகச் செத்து ஒரே நாளில் தொட்டி நாறும். மொய்னா சிவப்பேறத் தொடங்கினால் தண்ணீரில் பிராணவாயு குறைகிறது, உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. மாட்டுக்கு உண்ணிக்கோ குடற்புழுவுக்கோ ஐவர்மெக்டின் ஊசி போட்டிருந்தால், அந்தச் சாணத்தை ஒரு மாதமாவது தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். அந்த மருந்து சாணத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். மொய்னா மாதிரியான உயிரிகளை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். 'சாணம் போட்டேன், மொய்னா வரவேயில்லை' என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது மாட்டின் ஊசிக் கணக்கை.

தாய் மொய்னாவைக் குளத்தில் அள்ளாதீர்கள். கூடவே சைக்ளாப்ஸ் என்ற பொடி நீர்ப்பூச்சியும் தட்டான் பூச்சியின் இளம்புழுவும் வரும். இரண்டும் உங்கள் குஞ்சைத் தின்னும். ஏற்கெனவே சுத்தமாக வளர்ப்பவரிடம் ஒரு டம்ளர் வாங்குங்கள், பெரும்பாலானோர் சும்மாவே கொடுப்பார்கள். தொட்டிக்குக் கொசுவலை கட்டாயம். மூடாத நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். பெரிய மீனுக்குச் சாக்கடைப் புழு போட்டால் நன்றாக முட்டை பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். பிடிக்கும்தான், சாக்கடையில் உள்ள நோயும் சேர்ந்து பிடிக்கும். உங்கள் மொய்னாவே பெரிய மீனுக்கும் போதும்.

குஞ்சு படுக்கைவாக்கில் நீந்தியதும் ஆண் மீனை எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை, எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொட்டியை மூடிபோட்டு வையுங்கள். மேல்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் உருவாகும். அந்தக் காலத்தில் மார்கழிப் பனிக்காற்று நேராகத் தண்ணீர்மேல் படக்கூடாது.

அந்த 1,800 ரூபாய் ஜோடி பற்றி. மீன் பார்க்காமல் இறக்குமதியா என்று சொல்ல முடியாது, ஆனால் கவர்மேல் எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. கடையில் அழகாக வால் விரித்து நிற்கும் ஆணுக்குப் பெரும்பாலும் வயதாகியிருக்கும், கூடக் கொடுக்கும் பெண் விற்காமல் தேங்கியது. நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் மீன் வேண்டும். சென்னை கொளத்தூர் மாதிரி பெரிய மீன் சந்தைக்குப் போனாலும், கடைவரிசையைத் தாண்டிக் குஞ்சு எடுக்கும் வீட்டைத் தேடிப் போய், ஒரே ஈட்டின் மற்ற மீன்களையும் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். 'கோய்', 'கேலக்ஸி' என்று இப்போது விலை போகிறவை மார்பிள் வகை. வளர வளர நிறம் மாறும். இன்று சிவப்பும் வெள்ளையுமாக அனுப்பிய மீன் வாங்கியவர் வீட்டில் கறுத்துப்போகும், சண்டை உங்களுக்கு வரும். தொடக்கத்துக்கு ஒற்றை நிறச் சிவப்போ நீலமோ போதும். இரட்டை வால் மீனை இரட்டை வாலோடு சேர்க்க வேண்டாம், முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் வரும்.

விலையைவிட நீங்கள் யோசிக்க வேண்டியது பாட்டில். நூற்றைம்பது குஞ்சு பிழைத்தால் சுமார் பாதி ஆண். இரண்டு மூன்று மாதத்தில் கடித்துக்கொள்ள ஆரம்பிக்கும், ஒவ்வொன்றையும் தனியாகப் பிரிக்க வேண்டும். தாய்லாந்துப் பண்ணைகளில் பழைய விஸ்கி பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எழுபத்தைந்து பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றுவது வாரத்தில் இரண்டு மூன்று காலைகளைத் தின்னும், அது பால் கறக்கும் நேரத்தோடு மோதும். பெண் மீனுக்கு வாங்க ஆள் குறைவு. வாங்குகிற கடை எது, மாதம் எத்தனை என்று பேசி முடிக்காமல் அடுத்த ஈடு போடாதீர்கள்.

மானியம் இருக்கிறது. 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகின் மதிப்பு 3 லட்சம். பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். மீதி உங்கள் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ வர வேண்டும் என்பதைத்தான் புரோக்கர்கள் மெதுவாகச் சொல்வார்கள். விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்பதை மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பயிற்சிக்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தை விசாரியுங்கள். ஆனால் அதெல்லாம் அடுத்த வருஷம். இப்போதைக்கு அந்த ஜோடியைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள், மாட்டுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று வீட்டில் கேளுங்கள், மொய்னா திரண்டு இரண்டு வாரம் தொடர்ந்து அள்ள முடிகிறதா பாருங்கள். முடிந்தால் ஜோடி சேர்க்கலாம்.