இலை எடைக்கு வேறு ஆள் போடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி டாக்டர் நான், இரவு 8 முதல் காலை 8 வரை. போன மாதம் அதிகாலை 4 மணிக்கு மேல்வயிற்று வலியோடு வந்த 58 வயதுக்காரருக்கு, வாயுத் தொல்லை என்று ஊசி போட்டுப் படுக்கவைத்தேன். காலையில் வந்த டாக்டர் இசிஜி எடுத்தார், ஹார்ட் அட்டாக். பிழைத்துவிட்டார். டூட்டி முடிந்ததும் அப்பாவுக்காக பிக்கப்பில் எங்கள் தோட்டத்துத் தேயிலையை எடைக்குக் கொண்டுபோய்விட்டு வந்து, மதியம் 1 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுகிறேன். இந்தத் தொழிலுக்கு நான் தகுதியானவன்தானா?

பதில்: தகுதி கிடக்கட்டும் தம்பி. 1 மணியிலிருந்து 4 மணி வரை, மூன்றே மணி நேரத் தூக்கம். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வியாதியே அதுதான்.

ஹார்ட் அட்டாக் மேல்வயிற்று வலியாகவும் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பகல் 11 மணிக்கு வந்திருந்தால் இசிஜி எடுத்திருப்பீர்கள். தூக்கம் கெட்டவனுக்குப் படித்தது மறப்பதில்லை. முதலில் தோன்றியதை விட்டு மனசு நகர மறுக்கிறது. அதிகாலை 3 முதல் 5 வரை உடம்பே அடங்கிக் கிடக்கும் நேரம் வேறு. 2004-ல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட டூட்டியைச் சுருக்கிப் பார்த்தார்கள். பழைய டூட்டியில் கடுமையான பிழைகள் 36 சதவீதம் அதிகம். நோயைக் கணிப்பதில் நேர்ந்தவை ஐந்து மடங்குக்கும் மேல்.

மாலை 4-க்கு எழுந்தவர் மறுநாள் காலை 9-க்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போது கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவனைப் போல வேலை செய்யும். நம் நாட்டில் 0.03-ஐத் தாண்டி வண்டி ஓட்டினாலே போலீஸ் கேஸ். நீங்களோ அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் பிக்கப் ஓட்டுகிறீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் படுங்கள், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, மதியம் 2 வரை. டூட்டிக்குக் கிளம்பும் முன் இன்னும் ஒன்றரை மணி நேரம். காபி இரவு 2 மணியோடு சரி. அது பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். கூட்டமில்லாத இரவில் நர்ஸிடம் சொல்லிவிட்டு 20 நிமிடம் கண்ணயரலாம். எழுந்த கால் மணி நேரத்துக்குள் டோஸ் எழுத நேர்ந்தால், நர்ஸைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாற்பது தாண்டியவருக்கு மேல்வயிற்று வலியா? யோசிக்கவே வேண்டாம், 10 நிமிடத்துக்குள் இசிஜி. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுங்கள். 3 மணிக்கு மேல் சேர்த்தவர்களைக் காலை டாக்டரிடம், "முதலிலிருந்து பாருங்கள்" என்று சொல்லி ஒப்படையுங்கள். உங்கள் முடிவைச் சொல்லி அவர் மனசையும் பூட்டிவிடாதீர்கள்.

இனி அப்பா. பெற்றவருக்குத் தோள் கொடுக்காத பிள்ளை எனக்கும் பிடிக்காது. லீவு நாளில் தோட்டத்துக்குப் போங்கள், மூட்டையும் தூக்குங்கள். டூட்டி முடிந்த காலை மட்டும் அடுத்து வரும் நோயாளிக்குச் சேர்ந்தது. அதை எடுத்து அப்பாவுக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. அந்த 58 வயதுக்காரரும் யாரோ ஒருவருக்கு அப்பாதானே? நடந்ததை மறைக்காமல் இன்றே அப்பாவிடம் சொல்லி, பிக்கப் சாவியைக் கொடுத்துவிடுங்கள். இலை விற்கும் விலைக்கு ஆள் கூலி எங்கே போவது என்பார். உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள்.